மாதத்தில் ஒரு ஞாயிறு போதுமா? குழந்தைகள் இல்லத்தில் பெற்றோருக்கு என்ன இடம்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். தாய், தந்தை இருவருமே இல்லாத பிள்ளைகள் அதில் குறைவாகத்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அம்மா இருக்கிறார், அல்லது அப்பா இருக்கிறார், சிலருக்கு இரண்டு பேருமே இருக்கிறார்கள். அப்பா இறந்த பிறகு அம்மா திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளை பாட்டியிடம் இருந்தது, பாட்டிக்கும் உடம்பு முடியவில்லை. அப்பாவின் குடியால் வீட்டில் தினமும் அடிதடி. சேர்த்ததற்கான காரணம் என்ற கட்டத்தில் இப்படித்தான் எழுதியிருக்கும். நம் ஊரில் மட்டும் இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ரன் அமைப்பு 2009-ல் உலக நிலவரத்தைப் பற்றி எழுதியது.

அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லத்தின் நடைமுறையில் என்ன இடம்? சட்டம் தெளிவாகத்தான் பேசுகிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம், முடிந்தவரை சீக்கிரம் பிள்ளை குடும்பத்தோடு சேர வேண்டும் என்றும் சொல்கிறது. இதை எந்த வழியில் செய்வது என்பது கண்காணிப்பாளரும் நிர்வாகக் குழுவும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஐம்பது பிள்ளைகள், ஒரு சமூகப் பணியாளர், ஒரு ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), கையில் கொஞ்சம் பணம் என்று வைத்துக்கொள்வோம். பார்வை நாளைச் சரியாக நடத்துவதா, விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்புவதா, பெற்றோரை முடிவுகளில் சேர்ப்பதா, பணியாளரை ஊருக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வதா, பிள்ளையையே உதவித்தொகையோடு வீட்டுக்குத் திருப்புவதா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் செய்கிறோம் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அப்படிச் சொல்லும் இடங்களில் கடைசியில் நடப்பது பார்வை நாள் மட்டும்தான்.

பார்வை நாள் எல்லா இல்லத்திலும் உண்டு, பெரும்பாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்கே வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் முறுக்குப் பாக்கெட், புதுச் செருப்பு, தூக்குவாளியில் வீட்டுக் குழம்பு. நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகு உள்ளே விடுவார்கள். சில இடங்களில் வீட்டுச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கு வயிறு கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பேச வேண்டும். வார்டன் காதில் விழும் தூரத்தில் நிற்பார். 'நல்லாப் படிக்கிறியா?' 'ம்.' 'சாப்பாடு நல்லா இருக்கா?' 'ம்.' அதற்குமேல் பேச்சு ஓடாது. பிள்ளை அம்மாவின் போனை வாங்கி விளையாட ஆரம்பித்துவிடும். அம்மா அதன் தலையை மடியில் சாய்த்து, மணி அடிக்கும் வரை பேன் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காக அவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். சூளை ஓடும் மாதங்களில், முன்பணம் கொடுத்த மேஸ்திரி லீவு தரமாட்டார். அதனால் மூன்று மாதம், நான்கு மாதம் வராமல் போய்விடும். உடனே கோப்பில் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று ஒரு வரி ஏறும். பிறகு, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவது அந்த ஒரு வரிதான். எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இது. வராததற்குக் காரணம் கேட்டு ஒரு போன் போட்டிருந்தால் அந்த வரியே தேவைப்பட்டிருக்காது.

பார்வை நாளையே குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 'பெத்தவங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குப் பிள்ளைங்க அழுதுட்டே இருக்கும், சொன்ன பேச்சு கேக்காது' என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. இதே பேச்சு 1950-களில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளிலும் ஓடியது. அங்கே குழந்தைகள் வார்டில் பெற்றோரைப் பார்க்கவிடுவதே அபூர்வம். அவர்கள் வராவிட்டால் குழந்தை அமைதியாகப் பழகிக்கொள்கிறது என்று நம்பினார்கள். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் வார்டிலேயே உட்கார்ந்து கவனித்து, அந்த அமைதி உண்மையில் என்ன என்று காட்டினார். முதலில் அழுகை, அப்புறம் சோர்வு, அப்புறம் அம்மா வந்தாலும் முகம் கொடுக்காத விலகல். அதிகாரிகள் பழகிவிட்டது என்று நினைத்தது அந்த மூன்றாவது கட்டத்தை. 1959-ல், இதை ஆராய அங்கே அமைத்த பிளாட் குழு, பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அனுமதிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பார்வை நாள் முடிந்து அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது வார்டனுக்குச் சிரமம்தான். ஆனால் அம்மா வந்து நிற்கிறார் என்று சொல்லியும் டிவி முன்னால் இருந்து எழுந்து வராத பிள்ளையைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

எனவே பார்வை நாளை விட முடியாது, ஆனால் இப்போது நடக்கிற மாதிரியும் வைக்கக்கூடாது. பெரிய செலவில்லாமல் சில மாற்றங்கள் செய்யலாம். எந்த ஞாயிறு வந்தாலும் பார்க்கலாம் என்று மாற்றலாம். பஸ் காசைக் கையில் கொடுத்து அனுப்பலாம். வராந்தாவை விட்டு, சேர்ந்து செய்ய ஏதாவது ஒரு வேலை கொடுக்கலாம்: தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, இல்லத்துச் சமையலறையில் அன்றைக்கு ஒரு குழம்பு வைப்பது. முகத்துக்கு முகம் பார்த்து உட்காரச் சொன்னால் வராத பேச்சு, கையில் வேலை இருந்தால் தானாக வரும். இவ்வளவு செய்தாலும் பார்வை நாளுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அன்றைக்குப் பெற்றோர் இல்லத்தின் விருந்தாளிதான். பிள்ளையின் வாழ்க்கையில் எந்த முடிவும் அந்த நாளில் எடுக்கப்படுவதில்லை.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2020 ஊரடங்கில் இல்லங்கள் வாசலை மூடியபோது வீடியோ கால் பல இடங்களில் பழக்கத்துக்கு வந்தது, அது நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம், ஸ்பீக்கரில் போடாமல். செலவு மிகக் குறைவு, எனவே இதை மற்ற வழிகளோடு போட்டிக்கு நிறுத்தவே தேவையில்லை. ஆனால் போன் பேச வைக்கிறோமே என்று பார்வை நாளை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது விடுமுறை. பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் நலக் குழுவின் அனுமதியோடு வீட்டுக்கு அனுப்புவது. பார்வை நாளோடு ஒப்பிட்டால் இதில் பத்து மடங்கு உயிர் இருக்கிறது. பிள்ளை தன் தெருவில் நடக்கிறது, ஊர்த் திருவிழாவில் கூழ் குடிக்கிறது, சித்தப்பா பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிறது. பெற்றவர்களுக்கும், பத்து நாள் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இல்லத்தில் ஒழுங்காக இருந்த பையன் வீட்டில் ஏன் அடம் பிடிக்கிறான் என்று தெரியும். இதெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்தால் தெரியாது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மே மாதம் போன பதினைந்து வயதுப் பெண் ஜூனில் திரும்பி வரவில்லை என்றால், முதலில் நினைவுக்கு வர வேண்டியது குழந்தைத் திருமணம். பையன் வரவில்லை என்றால் அப்பா அவனை வேலைக்குச் சேர்த்திருப்பார், முதல் மாதச் சம்பளமும் வாங்கியிருப்பார். குடிகார அப்பா உள்ள வீட்டில் முதல் நாலு நாள் நன்றாகப் போகும், ஐந்தாம் நாள் பழைய கதை. விடுமுறை என்ற வழி நல்லதா கெட்டதா என்பதை அனுப்புவதற்கு முன்னாலும் பின்னாலும் இல்லம் என்ன செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. போகும் முன் யாராவது அந்த வீட்டை நேரில் பார்த்தார்களா? நடுவில் ஒரு நாள் பிள்ளையிடம் தனியாகப் பேசினார்களா? திரும்பி வந்த பிறகு உட்கார வைத்து, எப்படி இருந்தது என்று கேட்டார்களா? பெரும்பாலும் ஜூன் முதல் வாரம் புது யூனிஃபார்ம், நோட்டு என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பதில் கடைசிக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. முன்னும் பின்னும் கவனிக்க ஆள் இல்லாத இல்லம் நீண்ட விடுமுறைக்கு அனுப்புவதைவிட, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து அடிக்கடி அனுப்புவது நல்லது.

மூன்றாவது வழிக்குப் பணமே தேவையில்லை, ஆனால் இதைத்தான் மிகக் குறைவான இல்லங்கள் செய்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டும் என்பது சட்டம். பிள்ளையின் படிப்பு, உடல்நலம், மனநிலை, திரும்பிப் போகும் வழி எல்லாம் அதில் வரும். யார் எழுதுகிறார்கள்? சமூகப் பணியாளர் எழுதுகிறார், கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுகிறார். அம்மா வரும்போது, 'இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா' என்று நீட்டினால் அதுவே பெரிய விஷயம்.

நியூசிலாந்தில் 1989-ல் வந்த குழந்தைகள் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. மாவோரி குடும்பங்களின் பிள்ளைகளை அரசு தன் இஷ்டத்துக்கு இல்லங்களில் வைத்துக்கொண்டிருந்ததற்கு எதிராக எழுந்த குரல்களின் விளைவு அது. குடும்பக் கூட்டம் என்ற ஒன்றை அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. பெற்றோர் மட்டும் இல்லை, பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் வருவார்கள். அதிகாரிகள் நிலவரத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தங்களுக்குள் பேசி ஒரு திட்டத்தோடு வெளியே வரும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் ஒழிய அதிகாரிகள் அதை மறுப்பதில்லை.

இது நம் ஊருக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் சொந்தபந்தம் கூடிப் பேசி முடிவெடுப்பது நமக்குப் புதிதா என்ன? ஒரு உதாரணம் சொல்கிறேன். இல்லத்தில் இருக்கும் பெண் பிள்ளை வயதுக்கு வருகிறாள். இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்: நாப்கின் கொடுக்கிறார்கள், நர்ஸ் விளக்கம் சொல்கிறார், உளுந்தங்களி கூடச் செய்து தருகிறார்கள். ஆனால் அம்மாவுக்குத் தெரிவது அடுத்த பார்வை நாளில்தான். தாய்மாமன் சீர், தண்ணி ஊத்துவது என்று எதுவும் அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. அந்தச் சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவுக்கு போன் போட்டு, 'என்ன செய்யலாம் சொல்லுங்க' என்று கேட்பதற்கும், ஒரு மாதம் கழித்துத் தகவல் சொல்வதற்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த அம்மாவுக்குத் தெரியும். தன் மகள் விஷயத்தில் தனக்கு இனி ஒன்றும் இல்லை என்று அவர் முடிவு செய்வது இப்படியான நாட்களில்தான். பத்தாவது முடித்தவனை பிளஸ் ஒன்னில் சேர்ப்பதா ஐடிஐயில் சேர்ப்பதா, மொட்டை போடும் வேண்டுதலுக்குக் கோயிலுக்கு அழைத்துப் போவது எப்போது, ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். படிக்காத அம்மாவை அதிகாரிகள் நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தால், 'நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிங்க' என்றுதான் சொல்வார். அது சம்மதம் இல்லை, பயம். இல்லத்தில் நடக்கும் கூட்டத்தில் அவரால் பேச முடியாது. அவர் வாய் திறக்கும் இடம் அவருடைய வீடு.

அதனால்தான் நான்காவது வழிக்கு, அதாவது சமூகப் பணியாளர் வீடு தேடிப் போவதற்கு, நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பிள்ளை வந்த புதிதில் நலக் குழு உத்தரவின்படி 15 நாளுக்குள், குடும்ப நிலவரத்தைச் சொல்லும் சமூகப் புலனாய்வு அறிக்கை ஒன்று தயாராக வேண்டும். அந்த ஒரு தடவை யாராவது வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த முகவரி கோப்பில் மட்டும் இருக்கும். மூன்று வருடம் கழித்து அனுப்பும் கடிதம் 'முகவரியில் ஆள் இல்லை' என்று திரும்பி வரும்.

போய்ப் பார்த்தால் கோப்பில் இல்லாதது எத்தனையோ தெரியும். தகரக் கூரை பறந்துபோய் தார்ப்பாய் கட்டியிருப்பது, பக்கத்து வீட்டு அத்தை இந்தப் பிள்ளையைத் தினமும் விசாரிப்பது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருப்பது, அப்பா போன வருடம் குடியை விட்டுவிட்டது. அம்மாவுக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை வரவேண்டியது, ஆனால் கணவரின் இறப்புச் சான்றிதழ் வாங்காததால் விண்ணப்பமே போடவில்லை என்பதும் அந்தத் திண்ணையில்தான் தெரியவரும். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகை சிறியதுதான், ஆனால் வாடகைக்கு ஆகும். விஏஓ ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் பணியாளர் ஒரு தடவை அவரோடு போனால் முடிகிற வேலை. இது 'குடும்ப ஈடுபாடு' என்ற தலைப்பில் வருமா என்று சிலர் கேட்கலாம். எனக்கு இதுதான் அதன் அடித்தளம். பசியோடு இருக்கும் வீட்டிடம் பங்கேற்பு கேட்க முடியாது.

செலவு உண்டு. பஸ், சாப்பாடு, ஒரு நாளில் இரண்டு மூன்று வீடு என்றால் ஐம்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு சுற்று வர இருபது இருபத்தைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் இல்லத்தில் பதிவேடு எழுத ஆள் இருக்காது, கண்காணிப்பாளர் சங்கடப்படுவார். தூர மாவட்டத்துப் பிள்ளைகள் என்றால் அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கேட்க வேண்டும், பதில் வரத் தாமதமாகும். ஆனால் மற்ற எல்லா வழிகளும் இதைச் சாய்ந்துதான் நிற்கின்றன. வீட்டைப் பார்த்தவருக்குத்தான் விடுமுறைக்கு அனுப்பலாமா என்று தெரியும். திண்ணையில் உட்கார்ந்து பேசிய பணியாளர் கூட்டத்தில் இருந்தால்தான் அம்மாவுக்கும் பேச்சு வரும்.

கடைசியாக, வீட்டுக்கே திருப்பி அனுப்புவது. ஒரு பிள்ளை வறுமையால் மட்டுமே இல்லத்தில் இருக்கிறது என்றால் அதற்குப் பதில் இல்லம் அல்ல, பணம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். வருட வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. இதே திட்டத்தில் இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பராமரிப்பு மானியம் மாதம் 3,000 ரூபாய், ஊழியர் சம்பளமும் கட்டடமும் தனி. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். தன் பிள்ளையை இல்லத்தில் விட வந்த அம்மாவிடம் இந்தத் திட்டங்களைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தால், அவர் விட்டிருக்கவே மாட்டார் என்ற நிலைமை எத்தனை வீட்டில் இருக்கிறது!

ஆனால் திருப்பி அனுப்புவதை அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. அந்த வருடம் செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளை 100 நாளுக்குள் குடும்பத்திடம் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. கொரோனா நேரம், வேலை போன வீடுகள், மூடிய பள்ளிக்கூடங்கள். நோக்கத்தில் தவறில்லை, 100 நாள் என்ற கெடுதான் தவறு. ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, பிள்ளையிடம் கேட்டு, பணத்துக்கு ஏற்பாடு செய்து அனுப்ப அந்தக் காலத்தில் எந்த இல்லத்துக்கு ஆள் இருந்தது? வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பரில் உத்தரவிட வேண்டி வந்தது. பணம் முதலிலும் பிள்ளை பிறகும் போயிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2018-ல் வந்த குடும்பம் முதல் சட்டம், சிகிச்சையோடு கூடிய இல்லங்களுக்குப் போட்ட நிபந்தனைகளில் இரண்டு நமக்கு முக்கியம். குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்க்க வேண்டும். பிள்ளை வெளியேறிய பிறகும் ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும். இந்த ஆறு மாதத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதும், அப்பா மறுபடி குடிக்கத் தொடங்குவதும், நிதி ஆதரவுப் பணம் வங்கிக் கணக்கில் ஏதோ ஒரு ஆதார் சிக்கலால் ஏறாமல் நிற்பதும் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில்தான்.

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறையும், நன்கொடையாளர்கள் வருவது குறையும், ஊழியர் வேலை போகும் என்ற பயம் இல்லங்களில் உண்டு. அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். பல வருடம் அந்தப் பிள்ளைகளுக்காகவே உழைத்தவர்களின் பயம் அது. ஆனால் அந்தப் பயம் இருக்கும் வரை எந்தக் குடும்பமும் 'இன்னும் தயாராகவில்லை' என்றே தோன்றிக்கொண்டிருக்கும். நிர்வாகக் குழு நன்கொடையாளர்களிடம் நேராகப் போய், இந்த வருடம் இத்தனை பிள்ளைகளை வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்கிறோம், அவர்களுக்காகவும் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பிறந்த நாளுக்கு ஒரு வேளை பிரியாணி கொடுக்க வருபவரிடம், ஒரு சமூகப் பணியாளரின் பஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். புரியும்படி சொன்னால் கொடுப்பார்கள்.

எனவே என் வரிசை இது. ஒரே ஒரு வழிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வீடு தேடிப் போவதில் போடுங்கள். பராமரிப்புத் திட்டத்தில் பெற்றோரைச் சேர்ப்பதற்குக் காசு வேண்டாம், மனசு இருந்தால் இந்த மாதமே தொடங்கலாம். இந்த இரண்டும் ஒரு வருடம் நடந்தால், யாரை உதவித்தொகையோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பட்டியல் தானாகக் கையில் வந்துவிடும். விடுமுறையை அந்தப் பட்டியலுக்கான ஒத்திகையாக வையுங்கள். பார்வை நாள் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தைச் சேர்த்துவிட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள்.

இந்த வரிசை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமை நடந்து, போக்சோ வழக்கு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் குடும்பம், ஒற்றுமை என்று யாரும் பேசக்கூடாது. அங்கே அம்மாவே குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்று, 'கேஸை வாபஸ் வாங்கு' என்று சொல்லப் பார்வை நாளுக்கு வருவார். வார்டன் காதில் விழும் தூரத்தில் நிற்க வேண்டியது அப்போதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் யாராவது ஒருவர் இருப்பார். ஒரு சித்தி, கல்யாணமாகிப் போன அக்கா, அப்பாவழிப் பாட்டி. அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் குடும்பத்தைச் சேர்ப்பதுதான். அக்கா பெண்கள் இல்லத்திலும் தம்பி பையன்கள் இல்லத்திலும் இருந்து, வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டு இல்லத்தின் கண்காணிப்பாளர்கள் பேசிக்கொண்டால் தீரும் விஷயம் இது. பெற்றோரைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று பிள்ளையே சொன்னால், அதையும் மதிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கவும் வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளை விசாரணையின்போது வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் கணக்கே வேறு. பையன் அங்கே இருப்பது சில வாரம், சில மாதம். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நீண்ட காலத் திட்டத்துக்கு நேரம் இல்லை; முதல் நாள் ராத்திரியே வீட்டுக்கு போன், முதல் வாரத்திலேயே நன்னடத்தை அலுவலர் வீட்டில் போய் உட்கார்வது, இவைதான் முக்கியம்.

அப்புறம், பதினேழு வயதுக்காரர்கள். பதினெட்டு முடிந்ததும் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. பத்து வருடம் இல்லத்தில் வளர்ந்த பையன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, வாடகைக்கு அறை தேடுகிறான். அவனுக்கு ஜாமீன் சொல்ல ஒருவர் வேண்டும், காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும், தீபாவளிக்கு மூன்று நாள் லீவு விட்டால் போக ஒரு ஊர் வேண்டும். இல்லம் பத்து வருடம் அந்த உறவை அறுந்துபோக விட்டிருந்தால், பதினெட்டாவது பிறந்த நாளில் அதை ஒட்டவைத்துத் தர முடியாது. எனவே ஐந்து வழியில் எதைத் தொடங்கினாலும், கோப்புகளை வயது வாரியாக அடுக்கி, பதினாறு வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கு முதலில் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது. இவர்களுக்கு ஒன்றரை வருடம்தான். அதற்குள் அந்த ஊரில் இவர்களை எதிர்பார்க்கிற ஒருவரையாவது கண்டுபிடித்து, கதவைத் தட்டி, இவர்களோடு பேச வைத்திருக்க வேண்டும்.